சிரித்துச் சொன்ன மழை

காப்புகளைக் கழற்றிக் கைலேஞ்சியின் மேல் சத்தமில்லாமல் வைத்தாள் சுகிர்தமலர். ஒலிவாங்கிக்கு முன்னால் காப்பு ஒன்றோடொன்று பட்டால் நாடு முழுக்கக் கேட்கும் என்று சேர்ந்த புதிதில் யாரோ சொன்னது. இப்போது தங்கியிருக்கிற அறையில் தனியே இருந்து சாப்பிடும்போதுகூடக் கை தானாகக் காப்பைக் கழற்றப் பார்க்கிறது, கேட்கத்தான் ஒருவரும் இல்லை. கண்ணாடிக்கு அப்பால் ஹில்மியின் கதிரை வெறுமையாகக் கிடந்தது. ஒலிப்பதிவு செய்கிற பெடியன், கன்ரீனுக்குப் போனவன் இன்னும் வரவில்லை. வரட்டும், மழை எங்கே ஓடிவிடப் போகிறது. வெளியே கொழும்பில் நல்ல மழை. படியேறும்போதே சேலைக் கரை நனைந்துவிட்டது, கணுக்காலில் இன்னும் குளிர்கிறது. ஆனால் இந்தக் கனத்த கதவைச் சாத்திவிட்டால் ஒரு துளி கேட்காது. சுவரெல்லாம் துளைத்துளையாய்ப் பலகை, தரையில் கம்பளம், தன் மூச்சுத் தனக்கே பெரிதாகக் கேட்கிற அமைதி. முப்பது வருடமாக, மழை கேட்காத அறைக்குள் இருந்து மழையைப் பற்றி வாசிக்கிறாள். நினைத்துப் பார்த்தால் சிரிப்பான விஷயம்தான். யாரிடமாவது சொல்லிச் சிரிக்கலாம். யாரிடம்? தம்பி யோகனிடம் சொல்லியிருக்கலாம், அவன் வயிறு குலுங்கச் சிரித்திருப்பான், சிரித்துவிட்டுப் பெண்சாதி வதனியையும் கூப்பிட்டுச் சொல்லியிருப்பான். தம்பியோடு பேச்சு நின்று போன மாரிக்கும் இந்த மாரிக்கும் இடையில் ஒரு முழு வருடம் போய்விட்டது. தொண்டை கரகரத்தது. செருமினாள். நேற்றிலிருந்து தடிமன், குரல் பாதிதான் இருக்கிறது, இந்தப் பாதிக் குரலோடு வாசிக்கப் போகிறாள், அதையாவது அவன் கேட்பானா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டும். மற்ற மாகாணங்கள் எல்லாம் மன்னிக்கட்டும், அவளுக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டும்.

தாள் முன்னால் கிடந்தது. ஊசி குத்தாத தாள்கள், குத்தினால் புரட்டும்போது சரசரக்கும். அடுத்து வரும் வாரங்களுக்கான மழைவீழ்ச்சி மற்றும் காலநிலை முன்னோக்கு. புதன்கிழமை தவறாமல் இதே தலைப்பு, இதே பாதை: மேல் மாகாணத்தில் புறப்பட்டு, தெற்கைத் தொட்டு, மலைநாட்டில் ஏறி இறங்கி, நாட்டைச் சுற்றி வந்து களைத்துப் போன பிறகுதான் வடக்கு வரும். அவள் வாசித்துப் பார்ப்பது எப்போதும் பின்னாலிருந்துதான். “வட மாகாணத்தில் இயல்பை அண்டிய அல்லது இயல்பிலும் சற்றுக் குறைவான மழைவீழ்ச்சிக்கான சாத்தியம் உள்ளது. மாதத்தின் இறுதிப் பகுதியில் மழை அதிகரிக்கக்கூடும்.” அவ்வளவுதான். அண்டிய, சற்று, சாத்தியம், கூடும். ஒரு சொல்லிலாவது காலூன்ற இடமிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வளிமண்டலவியல் திணைக்களத்தில் இதை எழுதுகிறவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. மழைப்பேறும் பிள்ளைப்பேறும் மகாதேவனுக்கும் தெரியாது என்பார் அவளைப் பெற்ற ஐயா. மகாதேவனுக்கே தெரியாததை அந்தப் பிள்ளைகள் எங்கேயோ ஒரு மாடியில் கணினிக்கு முன்னால் இருந்து இவ்வளவாவது சொல்கிறார்கள். பசிபிக் சமுத்திரத்தின் மேற்பரப்பு குளிர்கிறதாம், அதனால் இங்கே காற்றுப் பிந்துகிறதாம். பசிபிக் குளிர்ந்தால் மருதங்குளத்தில் யோகனுக்கு நெஞ்சு சூடாகிறது, உலகம் அப்படிக் கட்டப்பட்டிருக்கிறது. இயல்பு என்றால் என்ன என்று ஒருமுறை அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியிடம் போனில் கேட்டாள். முப்பது வருட மழையைக் கூட்டி முப்பதால் பிரிக்கிறது அன்ரி, வேறொன்றுமில்லை என்றாள் அவள். அந்த முப்பதுக்குள், ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிப்போக, அளக்க ஆளில்லாத முற்றங்களில் மழை தன்பாட்டில் பெய்து முடித்த வருடங்களும் இருக்குமே பிள்ளை, அவற்றை எப்படிக் கூட்டினீர்கள் என்று கேட்க வாயெடுத்தாள், கேட்கவில்லை. ஒரு மனுசியின் முப்பது வருடத்தைக் கூட்டிப் பிரித்தால் என்ன வரும்? வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறை, வரும் வரும் என்று சொல்லிக் கனடாவிலேயே நின்றுவிட்ட ஒரு கலியாணம், வருடத்துக்கொரு பொங்கல் தம்பி வீட்டில். இயல்பை அண்டிய வாழ்க்கை. அதிலும் அந்தப் பொங்கல் இந்த வருடம் இல்லை. பஸ் நிலையம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்ததை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்ல ஆளில்லை என்பது ஒருபக்கம், சொன்னால் அழுகை வரும் என்பது மறுபக்கம்.

மருதங்குளம் என்று பெயர்தான், குளத்து வாய்க்கால் யோகனின் வயலுக்கு எட்டாது. வானத்தை நம்பித்தான் விதைப்பு. அதுவும் புழுதி விதைப்பு: முதல் மழைக்கு முந்தியே உழுது, காய்ந்த புழுதிக்குள் நெல்லை எறிந்துவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். முந்தினால் குருவி தின்னும், பிந்தினால் வெள்ளம் தின்னும். வேறு தொழில் பார்க்கிறவர்கள் இதைக் கேட்டால் பைத்தியக்காரர்கள் என்பார்கள். என்றைக்கு எறிவது என்பதற்கு ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு குறி. ஒருவருக்குப் பஞ்சாங்கம், ஒருவருக்கு எறும்பு முட்டை தூக்குவது. யோகனுக்கு அக்கா. சின்ன வயதில் ஐயா அவளைத்தான் வயலுக்கு முதலில் இறக்குவார், இவளுக்கு வாய்ராசியும் கைராசியும் ஒன்றாய் இருக்குது என்று சொல்லி, மழை வரும் எண்டு சொல்லிப்போட்டு எறி பிள்ளை என்பார், அவளும் சொல்லிவிட்டு முதல் கை நெல்லை எறிவாள். பெய்த வருடங்களை எல்லாரும் நினைவு வைத்திருந்தார்கள், பெய்யாத வருடங்களை ஐயா சாமர்த்தியமாக மறந்துவிட்டார். அந்த வாய் பிறகு கொழும்புக்குப் போய் வானொலியில் மழை சொல்லத் தொடங்கியபோது யோகனுக்கு அது ஆச்சரியமாகவே இல்லை. புதன் பின்னேரம் வயல் வரம்பில் இருந்து கேட்பான். முன்னோக்கில் என்ன இருக்கிறது என்பதையல்ல. “பேப்பரில எழுதினது எனக்கென்னத்துக்கு? அக்கா எப்பிடிச் சொல்லுறா எண்டு பாக்கவேணும்” என்று வதனிக்குச் சொல்வானாம். “மழை இருக்குதெண்டால் அவவின்ர குரல் சிரிக்கும்.” செய்தியில் முகம் தெரியக்கூடாது என்று பழகிப் பழகி முகத்தையே துடைத்தெடுத்த குரல் அது. நாட்டில் ஒருவருக்கும் தெரியாத முகம் அவனுக்கு மட்டும் தெரிந்தது. அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமையும் இருந்தது, அதை மறைப்பானேன்.

போன வருடம் குரல் சிரித்தது. அதை நினைத்ததும் தாளைச் சரிசெய்கிற மாதிரி விரல்களை அசைத்தாள். சிரித்தது உண்மை, பதிவை எடுத்துப் பிறகு கேட்டுப் பார்த்தாள், வட மாகாணத்தில் இயல்பான மழைவீழ்ச்சி என்கிற இடத்தில் சிரிப்பு நன்றாகவே கேட்கிறது. ஆனால் அது மழைக்கான சிரிப்பே இல்லை. அன்றைக்குக் காலையில் ஹில்மிக்குப் பெண்பிள்ளை பிறந்திருந்தது. அலுவலகம் முழுக்கத் தொதல் கொடுத்துக்கொண்டு திரிந்தான், கண்ணாடிக்கு அப்பால் நின்று இரண்டு கைகளையும் விரித்து, பிள்ளை இவ்வளவு நீளம் என்று மீன் பிடித்தவன் மாதிரிக் காட்டினான். வாயில் தொதலின் இனிப்போடு அவள் வடக்கின் மழைவீழ்ச்சியை வாசித்தாள். அடுத்த நாள் விடிய யோகன் விதைத்தான், வயல் முழுவதும், ஒரு கட்டி பாக்கியில்லாமல். பிறகு ஒரு பொய் மழை, புழுதி நனைய மட்டும். நெல் அதை நம்பி முளைத்தது. வெயில் திரும்பியது. முளைத்ததெல்லாம் கருகி, மறுபடி விதைநெல் தேடி, பிந்தி விதைத்ததை மாதக் கடைசியில் ஒன்றாய்க் கொட்டிய வெள்ளம் அள்ளிக்கொண்டு போனது. இதில் பெரிய பகிடி என்னவென்றால் முன்னோக்குப் பொய்க்கவில்லை. மாத முடிவில் கூட்டிப் பார்த்தார்கள், வடக்கில் இயல்பான மழைவீழ்ச்சி. எல்லாம் சரியாக வந்தது, யோகனின் வயல் மட்டும்தான் வரவில்லை. அன்று போனில் அவன் சத்தம்கூடப் போடவில்லை. “உன்ர வாயை நம்பி விதைச்சன் அக்கா. நீ சிரிச்சுத்தானே சொன்னனி.” அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பயத்தில்தான் அப்படிச் சொன்னாள்: “நான் எங்க சொன்னனான்? எழுதித் தாற பேப்பரை வாசிக்கிறன், அவ்வளவுதான். என்ர வாய்க்கும் மழைக்கும் என்ன சம்பந்தம்?” மறுமுனையில் கொஞ்சநேரம் காற்று மட்டும் கேட்டது. “அப்ப இவ்வளவு வருசமும் எனக்கு ஆர் சொன்னது?” என்று கேட்டுவிட்டு அவன் வைத்துவிட்டான். விளைச்சல் போனதைவிட அதுதான் அவனைச் சுட்டது என்று அவளுக்கு விளங்க வெகுநாள் பிடித்தது. விளங்கிய பிறகு போன் எடுக்கக் கை வரவில்லை. வதனி மட்டும் அவன் வயலுக்குப் போன நேரம் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டு எடுப்பாள். “மச்சாள், சுகமா இருக்கிறியளே? இவர் நல்லா இருக்கிறார். றேடியோவைத்தான் பரணில தூக்கிப் போட்டிட்டார்.” எந்தப் பரண் என்று அவளுக்குத் தெரியும், குசினிக்கு மேலே பலகை அடித்தது, சாக்குகளும் உடைந்த கதிரையும் கிடக்கும், பல்லி முட்டையிடும். அவளுடைய குரலை அங்கேதான் வைத்திருக்கிறான்.

கதவு திறந்தது, மழைச் சத்தம் ஒரு கணம் உள்ளே வந்துவிட்டு மறுபடி நின்றது. ஹில்மி தலையை நீட்டினான். சம்மாந்துறைப் பெடியன், அவர்களும் வயல்காரர்தான். “மன்னிச்சிக்கங்க மிஸ், பிளேன்டீக்கு ஒரே கூட்டம். இந்தாங்க, இஞ்சி போடச் சொல்லி எடுத்து வந்தன். காலைல கேட்டன், குரல் ஒரு மாதிரி இரிக்கி. வேற ஆரையாவது கொண்டு வாசிப்பிப்பமா?” வேறு யாராவது. எவ்வளவு சுகமாகச் சொல்லிவிட்டான். வேறு குரல் வடக்கின் மழையைச் சொன்னால் பரணில் கிடக்கிற பெட்டிக்கும் அது தெரியவா போகிறது? “இல்லை ஹில்மி, நானே வாசிக்கிறன்” என்றாள், கொஞ்சம் வேகமாகவே. தேநீரின் சூடு தொண்டையில் இறங்கியது. “மகள் எப்பிடி?” என்று கேட்டிருக்கக்கூடாது, கேட்டுவிட்டாள். “நடக்கத் தொடங்கிட்டா மிஸ், பிடிக்கேலா. நேத்து உம்மாட செருப்பக் கொண்டுபோய் அரிசி வாளிக்குள்ள போட்டிரிக்கா” என்று அவன் முகம் முழுக்கச் சிரித்தான். சிரிப்பு அவளுக்கும் உதடு வரை வந்தது. வந்ததை அப்படியே விழுங்கினாள். இல்லை, இன்றைக்கு இல்லை. அரிசி வாளிக்குள் செருப்பு என்று நினைத்துக்கொண்டு வடக்குக்குப் போகக்கூடாது. பாவம் அந்தப் பிள்ளை, பிறந்ததும் ஒரு வயலை எரித்தாள், நடக்கத் தொடங்கியதும் இன்னொன்றை எரிக்க வேண்டாம். இதையெல்லாம் ஹில்மிக்கு அவள் சொன்னதில்லை, சொன்னால் அவன் நெஞ்சு தாங்காது. அவன் கண்ணாடிக்கு அப்பால் போய் இருந்தான், கையை உயர்த்தினான், சிவப்பு விளக்கு எரிந்தது.

மேல் மாகாணம் சுகமாகப் போனது. தெற்கில் ஒரு இருமல், நிறுத்தித் தொடர்ந்தார்கள். மலைநாட்டில் மண்சரிவு எச்சரிக்கை, அதை அவள் எப்போதும் மெதுவாக வாசிப்பாள், அங்கே தேயிலைத் தோட்டத்து லயங்களில் கேட்டுக்கொண்டிருக்கிறவர்கள் குழந்தைகளைத் தேட நேரம் வேண்டும் என்று. வாய் வாசிக்க மனம் முன்னே ஓடி வடக்கின் வாசலில் போய் நின்றுகொண்டது. ஒரு வசனம் சேர்த்தால் என்ன? தாளில் இல்லாத ஒரே வசனம். தம்பி, பொறு. அல்லது, தம்பி, விதை. எதைச் சேர்ப்பது? அங்கேதான் மாட்டிக்கொண்டது, அவளுக்கு இரண்டில் எது சரி என்று தெரியாது. தெரியாது, முப்பது வருடம் மழை சொன்னவளுக்கு மழையைப் பற்றி ஒன்றுமே தெரியாது, வானம் பார்க்கவே மறந்து போயிற்று, ஜன்னல் இல்லாத அறையில் இருந்தவளுக்கு எந்த வானம். ஊரில் இப்போது எல்லாரும் உழுது முடித்திருப்பார்கள். அவன் எந்தக் குறியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்? எறும்பையா? யாருடைய வாயை? “வட மாகாணத்தில்” என்றாள், குரல் உடைந்தது. ஹில்மி கையைக் காட்டினான், இன்னொருக்கா. “வட மாகாணத்தில் இயல்பை அண்டிய” என்றாள், அண்டியவில் மறுபடி உடைந்து, கீழே விழாமல் எப்படியோ தொங்கிக்கொண்டு, சற்றுக் குறைவானதையும் சாத்தியத்தையும் கடந்து, கூடும் என்பதில் வந்து நின்றது. சிரிப்பு இல்லை. எச்சரிக்கையும் இல்லை. முகம் என்ன முகமென்று அவளுக்கே தெரியவில்லை. “இன்னொருக்கா எடுப்பமே?” என்று கேட்டாள். ஹில்மி மணிக்கூட்டைப் பார்த்தான். “வேணாம் மிஸ், நல்லாத்தான் இரிக்கி. மனிசர் பேசிறாப் போல இரிக்கி” என்றான். காப்பைப் போடும்போது இரண்டும் சேர்ந்து கிணுங்கின.

வெள்ளவத்தைக்குப் போகிற காலி வீதியில் பஸ் ஊர்ந்தது. மழை கண்ணாடியை மூடிவிட்டதால் உள்ளே எல்லாருடைய மூச்சும் எல்லாருக்கும் சொந்தமாயிற்று. பக்கத்தில் இருந்த மனுசி நனைந்த பையை மடியில் வைத்துக்கொண்டு யாருக்கோ போனில், றேடியோவில குறையுமெண்டுதானே சொன்னவை என்று திட்டிக்கொண்டிருந்தாள். சுகிர்தமலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், வாயைத் திறந்தால் பிடிபட்டுவிடுவாள். ஒருமுறை அப்படிப் பிடிபட்டாள், சந்தையில் ஒரு மரக்கறிக்காரர் அவள் கத்தரிக்காய் விலை கேட்டதும் நிமிர்ந்து, நீங்கள் மழை அம்மா எல்லே என்று கேட்டு ஒரு கட்டுக் கீரை சும்மா கொடுத்தார். அந்தக் கீரையை வைத்துக்கொண்டு அன்று முழுக்கச் சந்தோசமாக இருந்தாள், ஒரு கட்டுக் கீரைக்கு இவ்வளவா என்று தனக்கே வெட்கமாகவும் இருந்தது. எல்லா வீட்டுக்கும் போகிற குரல், அவளை மட்டும் கூட்டிக்கொண்டு போகாது. இதோ இப்போது அவள் பஸ்ஸில் நனைந்துகொண்டிருக்க, குரல் நாடாவிலோ கம்பியிலோ எதிலோ உலர்ந்த இடத்தில் இருக்கிறது, பின்னேரம் நேரத்துக்கு எழும்பிப் போய் எல்லாருக்கும் மழை சொல்லும். இந்தப் பஸ் புரண்டு அவள் செத்துப் போனாலும் சொல்லும். அந்த எண்ணம் வந்ததும் உடம்பு சிலிர்த்தது, தடிமன் சிலிர்ப்பா இது வேறா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். தனக்கு அந்த வாடகை அறைக்குள் ஏதாவது நடந்தால் எப்போது தெரியவரும்? அடுத்த புதன்தான். ஹில்மி கண்ணாடிக்கு அப்பால் இருந்து வெறும் கதிரையைப் பார்ப்பான். யோகனுக்கு யார் சொல்வது? செய்தியாக வாசித்தால் கேட்கவும் மாட்டான், பெட்டி பரணில் அல்லவா கிடக்கிறது. இப்படி நினைக்கிறதே பாவம் என்று தன்னைத் தானே அதட்டிக்கொண்டாள். இறங்க வேண்டிய இடம் தாண்டி ஒரு தரிப்பு போய்விட்டது, குடையை விரித்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

அறையில் சேலையை மாற்றி, அடுப்பில் கொத்தமல்லியை அவியப் போட்டுவிட்டு, வானொலியைத் திருப்பினாள். தன் குரலைத் தானே கேட்பது அவளுக்கு வழக்கம். அது பெருமையில்லை, அந்த நேரத்துக்கு அறைக்குள் யாரோ பேசுகிறார்கள் என்று இருக்கும். பேச்சுத் தொடங்கியது. மேல் மாகாணம், தெற்கு, அந்த இருமலை ஹில்மி அழகாக வெட்டியிருந்தான், மலைநாடு. கொத்தமல்லி பொங்கி வழிந்து அடுப்பை நனைத்தது, எழும்பி இறக்கவில்லை. வடக்கு வந்தது. உடைந்த இடம் உடைந்தபடியே வந்தது. அட, இது யார் என்று ஒரு கணம் நினைத்தாள். வயது போன ஒரு மனுசி, சொல்லிக்கொடுத்ததை மறந்துவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டு, தனக்குத் தெரியாததைத் தெரியாதென்றே சொல்கிற குரல். இவ்வளவு தனியாகவா இருக்கிறது என் குரல், என்று மனதுக்குள் கேட்டது. அழுகை வந்தது, மூக்கடைப்போடு அழுவது பெரிய கரைச்சல், கைலேஞ்சியைத் தேடினாள். நிகழ்ச்சி முடிந்து விளம்பரம் தொடங்க, வானொலியை நிறுத்தினாள். மழை ஓட்டில் விழுகிற சத்தம் அறைக்குள் நிறைந்தது. அப்போது மேசையில் போன் அதிர்ந்தது. வதனியாயிருக்கும் என்று எடுத்தவள் திரையில் பெயரைப் பார்த்துவிட்டுக் கதிரையில் இருந்தாள். யோகன்.

“அக்கா.”

“ஓம் தம்பி.”

“உனக்குத் தடிமனே, இல்லாட்டில் அழுதனியோ?”

மூக்கைத் துடைத்தாள். “தடிமன்தான்” என்றாள்.

“கொத்தமல்லி அவிச்சுக் குடி. வேது பிடி.”

“அடுப்பில கிடக்குது. றேடியோ பரணிலயெண்டு வதனி சொன்னாளே.”

“பரணிலதான் கிடக்குது” என்றான். குரலைத் தாழ்த்தி, “புதனெண்டால் ஏறி இருந்து கேக்கிறனான். முழங்கால்தான் மடிக்கேலாமல் கிடக்கு. வதனிக்குச் சொல்லிப்போடாதை.”

ஒரு வருடம். சாக்குகளுக்கும் உடைந்த கதிரைக்கும் நடுவில், தலை கூரையில் இடிக்க, ஒவ்வொரு புதனும். அவள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள். பிறகு கையை எடுத்துவிட்டு, முந்தியே சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னாள். “யோகன், போன வருசம் நான் சிரிச்சது உண்மை. மழைக்கில்லை. இஞ்ச வேலை செய்யிற பெடியனுக்கு அண்டைக்குப் பிள்ளை பிறந்தது. தொதல் தந்தவன். அதுதான் சிரிச்சனான்.”

மறுமுனையில் காற்று. அவளுக்கு அந்தக் காற்றைத் தெரியும், அதற்குப் பிறகு என்ன வரும் என்றும் தெரியும், கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் வந்தது சிரிப்பு, முதலில் மூக்கால், பிறகு வயிறு குலுங்க.

“அப்ப ஒரு தொதல் துண்டை நம்பியே நான் முழு வயலையும் விதைச்சனான்” என்றான். சிரித்து ஓய்ந்து, “பெட்டையோ பெடியனோ?” என்று கேட்டான்.

“பெட்டை. இப்ப நடக்கிறாளாம்.”

“நல்லா இருக்கட்டும்.” மூச்சு வாங்கினான். “அக்கா, சனமெல்லாம் விதைச்சிட்டுது. நான்தான் உழுது போட்டிட்டு நிக்கிறன். பேப்பரை விடு. நீ என்ன சொல்லுறாய்?”

“எனக்குத் தெரியாது தம்பி. உண்மையா ஒண்டுமே தெரியாது.”

“தெரியும், உன்ர குரல் அப்பிடித்தான் கிடந்தது” என்றான். அதில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. வைக்கப் போகிறான் என்று அவளுக்குப் பட்டது. நாளைக்கு விதைப்பான், அல்லது விதைக்காமல் விடுவான், எதுவானாலும் அந்தப் புழுதியில் தனியே நின்று அண்ணாந்து பார்ப்பான்.

“பொறு” என்றாள். “நாளையிண்டைக்கு நான் வாறன். முதல் கை நான் போடுறன். பெய்தால் பெய்யட்டும். பெய்யாட்டில் ரெண்டுபேருமா நிண்டு பாப்பம்.”

அங்கே கூரைக்கு வெளியே ஏதோ பறவை கத்தியது.

“தடிமனோடயோ வரப்போறாய்?”

“ஓம்.”

“அப்ப குடையைக் கொண்டு வா” என்றான் யோகன்.